ஏடிஹெச்டி உள்ள பெண்களும் தோழமையும்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவனக் குறைபாட்டுக்கும் "எங்கேயும் ஒட்ட மாட்டேங்குது" என்ற உணர்வுக்கும் என்ன சம்பந்தம்?

கவனத்தை வேண்டிய இடத்தில் திருப்புவது, நேரத்தைக் கணிப்பது, ஒரு வேலையைத் தொடங்குவது, கேட்டதை மனசில் தாங்கி வைத்திருப்பது: ஏடிஹெச்டி (கவனக் குறைபாடு, மிகைத் துறுதுறுப்பு என்று சொல்லப்படும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை) கை வைப்பது இந்த இடங்களில்தான். உறவும் நட்பும் ஓடுவதும் இவற்றை வைத்துத்தான். பிறந்தநாளுக்கு போன் செய்ய வேண்டும், வளைகாப்புக்குச் சொன்ன நேரத்தில் போய் நிற்க வேண்டும், இரவல் வாங்கிய புடவையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாலு தடவை தவறினால் "அவளுக்கு நம்ம மேல அக்கறை இல்ல" என்று எழுதி மூடிவிடுவார்கள். அக்கறை எவ்வளவு இருந்தாலும் அது மெசேஜாகவோ போனாகவோ போய்ச் சேராததால் யாருக்கும் தெரியாது.

பெண்களுக்கு இதில் இரட்டைச் சுமை. மாமனாரின் பிரஷர் மாத்திரை எப்போது தீரும், எந்தப் பிள்ளைக்கு நாளைக்கு என்ன யூனிஃபார்ம், எந்த வீட்டில் எவ்வளவு மொய் வைத்தார்கள், எல்லாம் பெண்ணின் தலையில் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆண் மறந்தால் ஞாபக மறதி. பெண் மறந்தால் பொறுப்பில்லாதவள். பல வருடம் இதைக் கேட்டவள், யாரும் சொல்வதற்கு முன் தானே ஒதுங்கிக்கொள்கிறாள்.

பெண்களுக்கு ஏன் முப்பது, நாற்பது வயதில்தான் தெரிய வருகிறது?

வகுப்பில் பெஞ்சு மேல் ஏறும் பையன் டீச்சர் கண்ணில் படுவான். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண் படமாட்டாள். "நல்ல பொண்ணு, கொஞ்சம் கனவுலகத்துல இருப்பா" என்பதோடு சரி. துள்ளல் இல்லாமலும் கவனக் குறைபாடு இருக்கலாம் என்று அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம் 1980-லேயே ஒப்புக்கொண்டது. ஆனால் ஏடிஹெச்டி என்றாலே துறுதுறு பையன் என்ற படம் இன்னும் மாறவில்லை.

இன்னொரு காரணம், நம் வீடுகள் கட்டிக் கொடுக்கும் சாரம். ஐந்து மணிக்கு எழுப்பி விடும் அம்மா, டியூஷன், வாராந்திரத் தேர்வு என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை சுற்றிலும் கம்பு கட்டியிருக்கும். கட்டடம் தானாக நிற்பது போலத் தெரியும். ஹாஸ்டல், முதல் வேலை, கல்யாணம், முதல் குழந்தை என்று சாரம் பிரிக்கப்படும்போதுதான் விரிசல் வெளியே வரும். பையனை மதிப்பீட்டுக்கு அழைத்துப் போன அம்மா, டாக்டர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் மனசுக்குள் தனக்கும் "ஆமாம்" சொல்வது வழக்கமான காட்சி. ஆச்சரியம் இல்லை: இரட்டையர் ஆய்வுகளின்படி ஏடிஹெச்டி-யில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை.

எனக்கு இருப்பது அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உலக சுகாதார நிறுவனத்தின் ஏஎஸ்ஆர்எஸ் வினாத்தாளில் 18 கேள்விகள். முதல் 6 முதற்கட்டச் சல்லடை. அதில் தேறினால் நோய் உறுதி என்று பொருளில்லை, டாக்டரைப் பார்க்கக் காரணம் இருக்கிறது என்று பொருள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கணக்கு இது: 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு, கவனமின்மை, துறுதுறுப்பு என்ற இரண்டு பிரிவில் ஏதாவது ஒன்றின் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும், சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று இரண்டு இடங்களிலாவது தலைகாட்ட வேண்டும்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போனில் கேளுங்கள்: "பெரியவங்களுக்கு ஏடிஹெச்டி மதிப்பீடு பண்றீங்களா?" குழந்தைகளுக்கு மட்டும் பார்க்கிற இடங்கள் உண்டு, கேட்காமல் போனால் ஒரு ஃபீஸும் ஒரு மாதமும் வீண். மனநல மருத்துவர் மருந்து எழுதலாம், உளவியலாளர் எழுத முடியாது. தனியார் கட்டணம் கட்டுபடியாகாதவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. "கீழ்ப்பாக்கம் போறியா?" என்பது இந்த ஊரில் வசவாகிவிட்டது, 1794-லிருந்து நடக்கும் அரசு மனநலக் காப்பகத்துக்குச் சென்னைவாசி செய்த மரியாதை அவ்வளவுதான்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பழைய பிராக்ரஸ் ரிப்போர்ட் (மார்க்கை விட டீச்சரின் குறிப்பு முக்கியம்), சின்ன வயதுச் சம்பவங்கள் ஐந்து, இப்போதைய சம்பவங்கள் ஐந்து எழுதிய ஒரு தாள், முடிந்தால் உங்களைச் சிறுவயதில் பார்த்த ஒருவர். தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு எல்லாமே கவனத்தைக் குலைக்கும், ஏடிஹெச்டி-யோடு சேர்ந்தும் வரும். அதனால் ரத்தப் பரிசோதனை கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

பெண்களுக்கு இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று. நேர்த்தியாக உடுத்தி, ஒத்திகை பார்த்த பேச்சோடு போய் உட்காருகிறார்கள். "நல்லாத்தானே படிச்சிருக்கீங்க, வேலைக்கும் போறீங்க" என்று டாக்டரிடமிருந்து திரும்பி வருகிறது. விளைவைச் சொல்லாதீர்கள், விலையைச் சொல்லுங்கள்: இரண்டு மணி நேர ரிப்போர்ட்டுக்கு மூன்று ராத்திரி விழித்தது, பத்து மணி கிளினிக்குக்கு ஏழு மணியிலிருந்து ஒன்றும் செய்யாமல் காத்திருந்தது.

டாக்டர் உறுதி செய்யாமல் ஏடிஹெச்டி பெண்கள் குழு ஒன்றில் சேரலாமா?

சேரலாம். சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்க யாருடைய சான்றிதழும் வேண்டாம். மருந்துக்கு மட்டும் டாக்டர்.

தோழியின் மெசேஜுக்கு ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. இனி எந்த முகத்தோடு பேசுவது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. முதலில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மெசேஜ் வருகிறது. நல்ல பதிலாகப் போட வேண்டும் என்று ஒத்தி வைக்கிறீர்கள். கண்ணை விட்டு நகர்ந்ததும் அது மனசை விட்டும் போய்விடுகிறது. நாலு நாள் கழித்து நினைவு வரும்போது, வெறும் பதில் போதாது, மன்னிப்பும் சேர வேண்டும் என்று தோன்றுகிறது. பாரம் கூடியதால் மறுபடி தள்ளிப் போகிறது. ஒவ்வொரு வாரமும் கந்துவட்டி மாதிரி ஏறி, ஆறாவது மாதம் அவள் பெயரைத் திரையில் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிவது ஒன்றுதான்: நீங்கள் பதில் போடவில்லை.

வட்டியைத் தள்ளுபடி செய்துவிட்டு அசலை மட்டும் கட்டுங்கள். உதாரணம்:

"உன் மெசேஜ் அப்பவே பாத்தேன், பதில் போடாம விட்டுட்டேன், நாள் ஆக ஆகக் கூச்சமாயிடுச்சு. உன் மேல ஒரு கோபமும் இல்ல. அம்மாவுக்குக் கால் வலி இப்ப எப்படி இருக்கு? ஞாயித்துக்கிழமை காலைல 10 மணிக்கு போன் பண்ணட்டுமா?"

நாலே வாக்கியம். நடந்தது ஒன்று, அவளுடைய சந்தேகத்துக்குப் பதில் ஒன்று, அவள் வீட்டைப் பற்றி குறிப்பான கேள்வி ஒன்று, நாளும் நேரமும் ஒன்று. அனுப்பும் முன் ஞாயிறு 9:55-க்கு அலாரம் வைத்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பிய பிறகு என்றால் வைக்க மாட்டீர்கள். ஏடிஹெச்டி பற்றிய விளக்கத்தை இதில் நுழைக்க வேண்டாம். நுழைத்தால் மூன்று பத்தி ஆகும், டிராஃப்டிலேயே கிடக்கும். நீளமான மன்னிப்பும் வேண்டாம்: படித்தவள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவாள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை. அதற்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சில கதவு திறக்காது.

எல்லோரையும் நினைவில் வைத்துக்கொள்ள வழி உண்டா?

மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். ஊரில் யாரும் மொய்க் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை. அதற்காக அவர்களுக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொன்னதும் இல்லை. அதே போல் நட்புக்கு ஒரு 40 பக்க நோட்டுப் போடுங்கள். பக்கத்துக்கு ஒருவர், பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். மேலே பெயர், பிறந்தநாள். கீழே மூன்றே விஷயம்: கடைசியாகப் பேசிய தேதி, அவள் அப்போது சொன்ன கவலை, நீங்கள் செய்வதாகச் சொன்னது. "மார்ச் 12. மாமனாருக்கு கண் ஆபரேஷன். ஊறுகாய் பாட்டில் திருப்பணும்." இவ்வளவு போதும்.

நோட்டு அலமாரிக்குள் போனால் செத்தது. காபிப் பொடி டப்பா பக்கத்தில், பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணெதிரே இருக்க வேண்டும். போன் ஆப்பில் வைக்கலாமே என்றால், போனைத் திறந்ததும் ரீல்ஸ்.

சென்னையில் நாமே ஒரு சின்னக் குழு தொடங்குவது எப்படி?

"மனம் விட்டுப் பேசலாம் வாங்க" என்று தொடங்கும் குழுக்களைவிட "வேலை எடுத்துட்டு வாங்க" என்று தொடங்குபவை நீடிக்கும். முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டும் என்ற கட்டாயமே பலரை வாசலில் திருப்பி அனுப்பிவிடும். கையில் வேலை இருந்தால் பேச்சு ஓரமாகத் தானே வரும். இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் வேலை ஓடும் என்பதை ஏடிஹெச்டி வட்டாரங்களில் பாடி டபுளிங் என்கிறார்கள். நமக்கு இது கம்பைன்டு ஸ்டடி. அதற்கும் முன்னால், மொட்டை மாடியில் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து வடாம் பிழிந்தது.

ஆறு பேரைக் கூப்பிடுங்கள், நாலு பேர் வருவார்கள் என்று வையுங்கள். மூன்று பேரை மட்டும் கூப்பிட்டால் இருவர் வராத அன்று குழு முடிந்தது. எட்டுக்கு மேல் போனால் பேச்சு இரண்டாக உடைந்து, அமைதியானவர் நடுவில் தொலைந்து போவார்.

மொத்தம் 90 நிமிடம். முதல் 10 நிமிடம் ஆளுக்கு ஒரு வேலையை வாய்விட்டுச் சொல்வது. அது அந்த மேஜையில் முடியக்கூடியதாக இருக்க வேண்டும்: "வீட்டை ஒழுங்கு பண்ணணும்" ஆகாது, "இன்ஷூரன்ஸ் பாரத்தின் முதல் இரண்டு பக்கம்" ஆகும், பட்டன் தைப்பது, பில் அடுக்குவது, பத்து மெயிலுக்குப் பதில் எல்லாம் ஆகும். பிறகு 25 நிமிடம் மௌனம், 10 நிமிடம் அரட்டை, மறுபடி 25 மௌனம். கடைசி 20 நிமிடம் காபி. ஒருவர் நேரம் பார்க்க வேண்டும், சமையலறை டைமர் நல்லது.

இடம் மாறவே கூடாது. வாரம் ஒரு இடம் என்றால் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு முடிவெடுக்க வேண்டும்; அதில்தான் குழுக்கள் கவிழ்கின்றன. மௌன நேரம் மட்டும் போதும் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் வசதி, பறக்கும் ரயில் நிலையமும் கிட்டேதான். ஆனால் பேச்சுக்கும் காபிக்கும் வெளியே வந்தாக வேண்டும். டிபன் ஓட்டல் என்றால் மதியச் சாப்பாடு அடங்கி மாலை டிபன் சூடாவதற்கு முன், 3 முதல் 4:30 வரை. ஆறு மணிக்கு மேல் இடத்துக்கு ஆள் தலைமாட்டில் நிற்கும். நாகேஸ்வர ராவ் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை எல்லாம் தை, மாசியில் அருமை. ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் உதவாது. மதியம் பூட்டும் பூங்காக்களும் உண்டு, வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்து வழித்தடத்தில் இருப்பது முக்கியம்: 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, பர்ஸை வீட்டில் விட்டுவிட்டாலும் வந்து சேரலாம். இந்தக் கூட்டத்தில் அது சின்ன விஷயமில்லை.

நினைவூட்டல் இரண்டு: முந்தின நாள் இரவு 8 மணிக்கு ஒன்று, அன்று கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒன்று. "மூன்று மணிக்கு மீட்டிங்" என்று அனுப்பினால் மூன்று மணிக்குத்தான் குளிக்கப் போவார்கள். "மணி 2:30. செருப்பு போட்டாச்சா?" என்று அனுப்புங்கள்.

தாமதமாக வருபவர் காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் கூடாது; வந்து உட்கார்ந்தால் போதும். முடியும் நேரம் மட்டும் மாறக்கூடாது. பொறுப்பு இருவர் இருவராக, நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், பெயர்கள் தாளில் இருக்க வேண்டும். "எல்லாரும் சேர்ந்து பாத்துக்கலாம்" என்றால் யாரும் பார்க்கப்போவதில்லை. இரண்டு பேர் வந்தாலும் அன்று குழு நடந்ததாகவே கணக்கு. பணம் வசூலிக்காதீர்கள், அவரவர் காபிக்கு அவரவர் காசு. பொதுப் பணம் கைக்கு வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் மனஸ்தாபம் வரும்.

"ஆறு வாரம் மட்டும்" என்று சொல்லித் தொடங்குங்கள். புதுமை மூன்றாவது, நாலாவது வாரத்தில் தீர்ந்துவிடும். அப்போது முடிவுத் தேதி கண்ணுக்குத் தெரிந்தால் தாண்டிவிடலாம். ஆறாவது வாரம் விருப்பமிருந்தால் இன்னொரு ஆறு.

வாட்ஸ்அப் குழு ஏன் ஒரே மாதத்தில் உறைந்து போகிறது?

முதல் வாரம் ஐநூறு மெசேஜ், இரண்டாம் வாரம் படிக்காத எண்ணிக்கையைப் பார்த்துப் பயம், மூன்றாம் வாரம் மௌனம். இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒன்றில் அட்மின் மட்டும் எழுதலாம், வாரம் இரண்டு நினைவூட்டலோடு சரி. மற்றது அரட்டைக்கு, மியூட் செய்வது நாகரிகக் குறைவு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாய்ஸ் நோட் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது? "இதெல்லாம் இந்தக் காலத்து சாக்கு" என்கிறார்களே?

பெயரைச் சொல்லி நிரூபிக்கப் போனால் பட்டிமன்றம் ஆகிவிடும். வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். "அத்தை, அடுப்புல பால வெச்சிட்டு நின்னா என் கவனம் நகர்ந்துடுது, வேணும்னு இல்ல. இனிமே பால் குக்கர்ல வைக்கறேன், விசில் வந்தா நீங்களும் ஒரு குரல் குடுங்க." பால் குக்கரின் இரட்டைச் சுவருக்குள் தண்ணீர் ஊற்ற மறந்தால் விசில் வராது, அடி தீயும், அதனால் கழுவிக் கவிழ்க்கும்போதே தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் பால் பொங்காமல் இருந்தால் உங்கள் விளக்கத்தைக் கேட்கக் காது கிடைக்கும்.

கணவரிடம் கேட்பதும் குறிப்பாக இருக்கட்டும். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்பது காற்றில் போகும். "ஸ்கூல் சர்க்குலர் எல்லாம் இனி உங்க பொறுப்பு, நான் பார்க்கவே மாட்டேன், சரியா?" என்று முழுதாகக் கைமாற்றுங்கள். பாதி கொடுத்து நினைவூட்டும் வேலையை நீங்களே வைத்துக்கொண்டால் ஒன்றும் குறையவில்லை.

கல்யாணம், விசேஷம் என்றாலே ஓடி ஒளியத் தோன்றுகிறது.

மண்டபத்தில் மேளம், மைக், நூறு விசாரிப்பு. சும்மா உட்கார்ந்தால்தான் கஷ்டம். போனதும் ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்: தாம்பூலப் பையில் தேங்காய் போடுவது, பந்தியில் தண்ணீர் பார்ப்பது, வாசலில் சந்தனக் கிண்ணம். கைக்கு வேலை, நிற்க இடம், பேச்சை முடிக்கக் காரணம், மூன்றும் கிடைக்கும். "அவ வந்தா இழுத்துப் போட்டு செய்வா" என்ற பெயர் கூடுதல். நகைக் கணக்கும் பணப் பையும் மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒருவர் முகம் சுளித்தாலே நாள் முழுக்க நொறுங்கிப் போகிறேன். இதுவும் அதுதானா?

டிஎஸ்எம் அறிகுறிப் பட்டியலில் இது இல்லை. ஆனால் உணர்ச்சி சட்டென்று ஏறுவதும் மெதுவாக இறங்குவதும் ஏடிஹெச்டி உள்ள பலருக்கு உண்டு. நிராகரிப்பை முகர்ந்து பார்க்கும் மூக்கு கூர்மையாகிவிடுகிறது. ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் நடந்தது: "நீல டிக் விழுந்து நாலு மணி நேரம்." வலப்பக்கம் நீங்கள் எடுத்துக்கொண்டது: "என்னைப் பிடிக்கவில்லை." குழுவை விட்டு விலகுவது, நீண்ட மெசேஜ் அனுப்புவது இரண்டையும் மறுநாள் வரை தள்ளிப் போடுங்கள்.

மாதவிடாய்க்கு முந்தின வாரத்தில் இது முற்றுகிறதா என்று மூன்று மாதம் காலண்டரில் குறியுங்கள். ஈஸ்ட்ரோஜன் இறங்கும் நாட்களிலும், பிரசவத்துக்குப் பிறகும், மாதவிடாய் நிற்கும் வயதிலும் அறிகுறிகள் கூடுவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். அந்தக் காலண்டரை டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

கவனம் சீராகும், நட்பு தானாக முளைக்காது. இங்கே முக்கியமாகக் கொடுப்பது மெத்தில்ஃபெனிடேட், அட்டாமாக்சிடின். முதலாவது எடுத்த அன்றே தெரியும்; பசி குறையலாம், நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறலாம். இரண்டாவதற்கு முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து: சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை மருந்துக்கடை வைத்துக்கொள்ளும், எல்லாக் கடையிலும் இருக்காது. கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் ஏழு நாள் மீதமிருக்கும்போதே டாக்டரிடம் போங்கள். கர்ப்பம், தாய்ப்பால் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். குழுவில் மாத்திரையைப் பகிர்வது கூடவே கூடாது.

ஆபீசில் சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி பெயர் சொல்லி இடம்பெறவில்லை, அதனால் சட்டத்தைக் காட்டிக் கேட்பது கடினம். பெயரைச் சொல்லாமலே வேண்டியதைக் கேட்கலாம்: "மீட்டிங் முடிஞ்சதும் நான் செய்ய வேண்டியதை ரெண்டு வரியில மெயில் போடுங்க." மருத்துவத் தகவலை ரகசியமாக வைக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது, ஆபீசிலிருந்து யாராவது கேட்டாலும் டாக்டர் உங்கள் சம்மதமின்றிக் கொடுக்கக் கூடாது.

குழுவில் ஒருவர் "இருந்து என்ன பயன்" என்று பேசுகிறார். என்ன செய்வது?

ஆலோசனை சொல்லாமல் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் அவர் நம்பும் ஒருவருக்குச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். ஆபத்து உடனடி என்றால் நேராக மருத்துவமனை. இது கம்பைன்டு ஸ்டடி குழு தாங்கும் பாரம் அல்ல.

மூன்று வாரமாகப் போகவில்லை. இப்போது போனால் என்ன நினைப்பார்கள்?

அதே மேஜையில் இன்னொருவர் ஐந்து வாரம் கழித்து வந்திருப்பார். மன்னிப்பு மெசேஜ் எழுத உட்காராதீர்கள், அதிலேயே சனிக்கிழமை போய்விடும். 2:30-க்கு அலாரம், பையில் ஒரு பாரமோ பட்டன் அறுந்த சட்டையோ, ஒரு தண்ணீர் பாட்டில். தைப்பதாக இருந்தால் நூல் டப்பாவையும் எடுத்து வையுங்கள், ஊசி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.